ஆறாம் பிலிப்பின் லில்லிப் பூக்கள், ஐந்தாவது முயற்சியில்

மூன்று வாரமாக நான்கு தடவை அழித்துவிட்டு ஐந்தாவது தடவை உட்கார்ந்ததில், பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்பின் மேலங்கி நேற்று ராத்திரி முடிந்தது. 28 மி.மீ. அளவுச் சிறு பொம்மை உருவம். முன்னும் பின்னுமாக பிரெஞ்சு அரசச் சின்னமான லில்லிப் பூ 41, எண்ணிவிட்டேன்!

சிறு உருவங்களை வைத்து நான் அமைக்கும் காசல் போர்க் காட்சிக்கு, அதாவது டயோரமாவுக்கு, இவர்தான் நடுநாயகம். 1323-ல் பிளாண்டர்ஸ் கடலோரக் குடியானவர்கள் வரிக்கொடுமை தாங்காமல் அதை ஆண்ட சிற்றரசர் கவுண்ட் லூயிக்கு எதிராகக் கிளம்பினார்கள், அவர்களிடம் பிடிபட்டுச் சிறையில்கூடக் கிடந்தார் லூயி. முந்தைய அரசர் நான்காம் சார்லஸ் 1326-ல் ஆர்க் ஊரில் ஒரு சமாதானம் செய்துவைத்தார், அது நிற்கவில்லை. அடுத்து வந்த பிலிப், முடிசூடி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், தன் சிற்றரசன் லூயிக்காகக் காசலில் படையோடு வந்து நின்ற நாள் 1328 ஆகஸ்ட் 23. குடியானவர்கள் மலையிலிருந்து திடீரென இறங்கியபோது அரசர் கவசம்கூட இல்லாமல் கூடாரத்தில் ஓய்வில் இருந்தார். நான் செய்வது அந்தத் தருணம், அதனால்தான் உடம்பில் இரும்பு கிடையாது, துணி மட்டும், கண் நேராக அந்தப் பூக்களுக்குத்தான் போகும்.

உருவத்தோடு வந்த டெக்காலில் (ஒட்டுப் படத்தில்) பெரிதாக மூன்று லில்லி. கடுப்பாகிவிட்டது. மூன்று பூச் சின்னம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது, 1328-ல் நீலத்தில் பொடிப்பொடியாக இறைத்த பூக்கள்தான். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. சரி, கையாலேயே போடுவோம் என்று இறங்கினேன்.

நீலத்தின் மேல் மஞ்சள் நேரடியாக ஏறாது, பச்சையடித்துப் போகும். என் முதல் இரண்டு முயற்சியும் அங்கேயே போயின. மூன்றாவது, நான்காவது பிரஷ்ஷால் போயின. 10/0 என்ற மிக மெல்லிய பிரஷ்ஷை வாங்காதீர்கள், அந்த நாலு முடியில் பெயின்ட் நிற்பதில்லை, துணியைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. நல்ல கூர் உள்ள 1-ஆம் நம்பர் போதும். முதலில் சாய்சதுரமாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் காவி மஞ்சளில் ஒரு நிமிர்ந்த கோடு, இரண்டு பக்கமும் கமா மாதிரி ஒரு வளைவு, இடுப்பில் ஒரு குறுக்குப் பொட்டு. அது முழுக்கக் காய்ந்த பிறகு மேல்பாதியில் மட்டும் வெளிர் மஞ்சள். பெயின்ட் பால் பதத்தில் இருக்கணும், சீக்கிரம் காயாமல் இருக்க ரிடார்டர் ஒரு சொட்டு. ஓரத்தில் பூவை முழுசாக அடக்கப் பார்க்காதீர்கள், பாதிப் பூவாக வெட்டுப்பட்டு நிற்கட்டும், அப்போதுதான் துணியையே அப்படி நெய்து வெட்டித் தைத்த மாதிரி தெரிகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டதும் அங்கியே மாறிவிட்டது.

இதற்கு நடுவில் குடியானவர் உருவங்களுக்கும் திரும்ப பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட்டேன். கந்தல் சாக்குத் துணி நிறத்தில் போட்டிருந்தது தப்பு. போருக்குப் பிறகு அரசரின் ஆட்கள், செத்தவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்ய ஆள் ஆளாகப் பட்டியல் எழுதினார்கள், மூவாயிரத்துக்கும் மேல் பெயர். பலருக்குச் சொந்த வீடு இருந்தது, துண்டு நிலமாவது இருந்தது. இழக்க ஏதோ இருந்தவர்கள்தான் வட்டம் கட்டி நின்று செத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல நீலம், செம்பழுப்பு, தைத்த காலணி கொடுக்கப் போகிறேன். தலைவர் சன்னெகினுக்கு மட்டும் தனி முகம் செதுக்கணும்.

அப்புறம் சேவல் கொடி. பிலிப் முந்தைய அரசரின் மகன் இல்லை, பங்காளி, எனவே 'கண்டெடுத்த ராஜா'. இந்தச் சேவல் கூவும்போதுதான் அவர் காசலுக்கு உள்ளே வருவார் என்று குடியானவர்கள் கொடியில் எழுதிக் கேலி செய்தார்களாம். அதற்கு ஈயத் தாள் வேண்டும், பழைய பற்பசைக் குழாய் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன், சேவலைப் பென்சிலில் வரைந்தும் ஆயிற்று.

அரசரின் குதிரைப் போர்வையில் இன்னும் ஒரு பூகூட விழவில்லை. நீலம் மட்டும் இரண்டு கோட் அடித்து, டப்பா மூடியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதில் குறைந்தது நூறு வரும்.