நீங்க போகலாம்

அந்த வாரம் என் மேசையில் இருந்தது 'கோ' என்ற ஆங்கில வினைச்சொல். மாணவர்களுக்கான ஆங்கிலம்–தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றில் அதன் பொருள்களையும் இணைச்சொற்களையும் தொகுப்பது என் பொறுப்பு. போ, செல், புறப்படு, கிளம்பு, நீங்கு, ஏகு என்று எழுதிக்கொண்டே போன பிறகுதான், நடமாட்டத்துக்குத் தொடர்பே இல்லாத பொருள்கள் அதில் எவ்வளவு என்று தெரிந்தது. பால் கெட்டுப்போகிறது, கரண்டு போகிறது, மழை வரப்போகிறது. இங்கெல்லாம் யாரும் எங்கும் நகர்வதில்லை. ஆனாலும் இரண்டு மொழிகளும் ஒரே சொல்லைத்தான் நீட்டிப் பயன்படுத்துகின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்ல முடியாது என்பதுதான். 'லெட் கோ' என்ற தொடருக்கு எதிரே 'பணியிலிருந்து நீக்கு' என்று நானே தட்டச்சு செய்து அப்போது இரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை அட்மின் மேலாளர் என்னை பேன்ட்ரிக்குக் கூப்பிட்டார். தேநீர் போடும் அண்ணன் அரூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கன்னடம் இன்னும் பிடிபடவில்லை. மேலாளருக்கோ இந்தியும் ஆங்கிலமும்தான். தமிழ்ப் பிரிவில் அன்று இருந்தவன் நான் ஒருவன். ஏஜென்சி ஆள் குறைக்கிறது என்று சொல்லிவிட்டு, "வீ ஆர் லெட்டிங் ஹிம் கோ, டெல் ஹிம் நைஸ்லி" என்றார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, நீங்க போகலாம்னு சொல்றாங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தரை, அவருடைய நேரம் ஏழு வரை. "இப்பவேவா?" என்றார். "ஆமாண்ணா" என்றேன். கழுவிய கண்ணாடி டம்ளர்களைத் தட்டில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, துணியைப் பிழிந்து குழாயின் மேல் போட்டுவிட்டு, "சரி தம்பி, போயிட்டு வர்றேன்" என்றார். "சரிண்ணா" என்றேன். எவ்வளவு சுமுகமாக முடித்துவிட்டாய் என்பதுபோல் மேலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மொழிபெயர்ப்பவன் சொன்னதைச் சொல்ல வேண்டியவன், மழுப்பியவர் மேலாளர்தான் என்று பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் அது மழுப்பலே இல்லை; அலுவலகத்தில் அந்தத் தொடரைக் கேட்கும் எவருக்கும் வேலை போயிற்று என்று உடனே விளங்கும். ஒன்றை அதற்குரிய சொல்லால் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லும் தகுதி வழக்கை நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறது. செத்தாரைத் துஞ்சினார், அதாவது தூங்கினார், என்று நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். தட்டார் தமக்குள் பொன்னைப் 'பறி' என்று சொல்வது குழூஉக்குறி. 'லெட் கோ' என்பதை நாங்கள் எல்லோரும் மங்கலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது குழூஉக்குறி. அந்தக் கூட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விளங்குவது. கூட்டத்துக்கு வெளியே நின்ற ஒருவரிடம் அதை அப்படியே தமிழில் வைத்தால் அது வெறும் அனுமதியாகிவிடுகிறது. சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லும் நல்ல மனிதர்களாக அன்று மாலை அவர் எங்களை நினைத்திருக்க வேண்டும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலும் இல்லை. ஆங்கிலத்தில் ஆளைப் போக விடுகிறார்கள். தமிழில் ஆள் போவதில்லை, வேலைதான் போகிறது. அல்லது ஆளை நிறுத்துகிறார்கள். 'வேலையை விட்டு நிறுத்திட்டாங்க' என்றுதான் எந்த ஊரிலும் சொல்வார்கள். 'நாளையிலேர்ந்து வர வேணாம்' என்றால் குழந்தைக்குக்கூடப் புரியும். இந்த மூன்றும் அந்த நேரத்தில் என் நாக்கில் இருந்தனவா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இருந்தன என்று சில நாள் தோன்றுகிறது. 'நைஸ்லி' என்ற சொல் வந்து மற்றவற்றைத் தள்ளிவிட்டது என்று சில நாள் தோன்றுகிறது.

அவர் "போயிட்டு வர்றேன்" என்றபோதாவது நான் நிறுத்தியிருக்கலாம். தரும் சொல்லும் வரும் சொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லும் சொல்லும் கொடுக்கும் சொல்லும் படர்க்கைக்கு உரியவை என்கிறது தொல்காப்பியம். 'வர்றேன்' என்று சொல்கிறவர் திரும்பி வந்து சேரும் இடம், கேட்கிறவன் நிற்கும் இடம்தான். நமக்கு அது வெறும் விடைபெறும் வழக்கம். வெறுமனே 'போறேன்' என்றால் வீட்டில் திட்டு விழும். ஆகவே அவர் வழக்கத்துக்குச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். அல்லது அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் காலை நான் போனபோது கீழே காவலாளியின் மேசைக்குப் பக்கத்தில் இருந்த கல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் டப்பா; காலடியில் ஒயர் கூடையில் நான்கு நந்தினிப் பால் பாக்கெட்டுகள், உறை முழுதும் வியர்த்து, கூடையின் அடியில் தரை நனைந்திருந்தது. ஏழு மணியிலிருந்தே இருக்கிறாராம். "கார்டு வேலை செய்யல தம்பி, உள்ள விட மாட்டேங்கறாங்க" என்றார். அங்கேதான், காவலாளி கேட்டுக்கொண்டிருக்கும்போது, "உங்களை வேலையை விட்டு நிறுத்திட்டாங்கண்ணா" என்று சொன்னேன். அவ்வளவு எளிதாக வந்தது அந்த வாக்கியம்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நேத்து நீங்க சொன்னது இதுதானா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா" என்றேன்.

"எனக்குத்தான் புரியல போல" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். முதல் நாள் சொன்னதைத் தவறு என்று சொல்லலாம், கோழைத்தனம் என்றும் சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு சொல்லின் பின்னால் ஒளிய இடம் இருந்தது. இந்த 'ஆமாண்ணா'வுக்கு அப்படி எதுவும் இல்லை. 'நான்தான் சரியாகச் சொல்லவில்லை' என்று இரண்டாம் முறை வாய் திறந்திருந்தால் போதும். அது அவருக்கு என்ன உதவியிருக்கும், வேலையா திரும்பக் கிடைத்திருக்கும் என்று கேட்டுப் பார்க்கிறேன். ஏஜென்சிதானே முறையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கிறேன். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். இருந்தும், புரியாமல் போனது அவருடைய குறை என்ற எண்ணத்தோடு அவரை அனுப்பிவைத்தவன் நான்.

அவர் எழுந்து கூடையை என்னிடம் நீட்டினார். "பால் போயிடும் தம்பி, ஃப்ரிட்ஜில வெச்சுடுங்க" என்றார். அதற்கான காசைக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது அவர் சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்துப் பக்கம் போய்விட்டிருந்தார். கூடையை மேலே கொண்டுபோய் வைத்தேன். அன்று காலை காபி போட்டது யார் என்று நினைவில்லை. குடித்தது நினைவிருக்கிறது.