துவாஸ் பட்டறையில் பைக் இன்ஜினுக்கு ப்ரொப்பெல்லர் மாட்டிய கதை

“அத்தான், ஒரு இன்ஜின் பார்த்துத் தருவீங்களா?” என்று ஆஸ்திரேலியாவிலிருந்து மைத்துனன் போனில் கேட்டபோது, காருக்குத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் கட்டிக்கொண்டிருந்ததோ ஒற்றை இருக்கை ஜைரோபிளேன். தலைக்கு மேலே சுற்றும் இறக்கையைக் காற்றே சுற்றிவிடும். இன்ஜின் முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளினால் போதும். சிறு விமானங்களுக்கென்றே செய்யும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினைப் புதிதாக வாங்கிவிடேன் என்றேன். விலையைச் சொன்னான். பேச்சை மாற்றிவிட்டேன்.

இங்கே சிங்கப்பூரில் அதைப் பறக்கவிடும் எண்ணம் எனக்குத் துளியும் இருந்ததில்லை. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓடுபாதை உள்ள ஊர் இது. என் வேலை இன்ஜினை மாற்றி, தரையில் ஓட்டிப் பார்த்து, பெட்டியில் போட்டு அனுப்புவது மட்டும்.

எடுத்தது பிஎம்டபிள்யூ ஆர் 1150. இரண்டாவது சிஓஇயும் (வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ்) முடிந்து பதிவு நீக்கிய பைக்கிலிருந்து கழற்றியது, உதிரிபாகக் கடையில் கிடைத்தது. 1,130 சிசி, நிமிடத்துக்கு 6,750 சுற்றில் 85 குதிரைத்திறன். ஆனால் குதிரைத்திறனைப் பார்த்து நான் அதை எடுக்கவில்லை. பெரும்பாலான ஜப்பானிய பைக்குகளில் கியர்பாக்ஸும், இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், பிரித்தெடுக்க முடியாது. இதில் கார் மாதிரி இன்ஜின் தனி, கிளட்ச் தனி, கியர்பாக்ஸ் தனி. போல்ட்டைக் கழற்றினால் கியர்பாக்ஸ் கையோடு வந்துவிடும். இரண்டு சிலிண்டரும் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் காற்றும் நேராகப் படும்.

அந்த கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் ஏழு மாதம் போனது.

ப்ரொப்பெல்லரை நேரடியாக மாட்டினால் என்ன என்று முதலில் கேட்டவர் பட்டறை அண்ணன். துவாஸில் கப்பல் பழுதுபார்ப்புக்குத் தண்டு கடைபவர். ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1.7 மீட்டர் ப்ரொப்பெல்லர் 6,500 சுற்றில் ஓடினால் அதன் நுனி வினாடிக்கு 578 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியே ஏறக்குறைய 350 மீட்டர்தான். நுனி ஒலியைத் தாண்டினால் சத்தம் வரும், தள்ளுவிசை வராது. 2,500 சுற்றுக்குக் குறைத்தால் 222 மீட்டர். ஆக, 2.6 மடங்கு குறைக்க வேண்டும். 30 பல் புல்லி கீழே, 78 பல் புல்லி மேலே, நடுவில் பல் பெல்ட்.

கீழ் புல்லியை கிராங்க் முனையிலேயே மாட்டிவிடலாம் என்று ஆசை வரும். பெல்ட் இழுக்கும் பக்கவாட்டு விசையை அந்த பேரிங் தாங்காது; அதற்காகச் செய்ததல்ல அது. அதனால் புல்லிக்குத் தனித் தண்டு, இரு பக்கமும் பேரிங். மேல் தண்டில் ப்ரொப்பெல்லரின் தள்ளுவிசையை வாங்க இன்னொரு பேரிங். கிராங்க் முனையில் சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலைத் தூக்கியெறியவும் முடியாது, ஸ்டார்ட்டர் பிடிக்கும் பல்வளையம் அதில்தான் இருக்கிறது. ஃபிளைவீலுக்கும் கீழ்த் தண்டுக்கும் நடுவே இரண்டையும் இணைக்கும் ரப்பர் கப்ளிங் ஒன்று வைத்தோம். அங்கேதான் சனி பிடித்தது.

ஒரு ஞாயிறு காலை, தரையில் போல்ட் போட்ட இரும்புச் சட்டத்தில் இன்ஜினை ஏற்றி, சுற்றிலும் கம்பி வலை கட்டி, ஸ்டார்ட் செய்தோம். 1,100 சுற்றில் நின்று ஓடியது. அண்ணன் கைதட்டினார். மெல்ல 1,600-க்கு ஏற்றியதும் சட்டம் முழுக்கக் கடகடவென்று ஆடியது, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி. 2,000-க்கு மேலே போனதும் அடங்கிவிட்டது. சரி, அந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அது என் மடத்தனம். மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகு மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பு மாவு. ரப்பரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

இந்த இன்ஜினுக்குள் எரிபொருள் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். 1,600 சுற்றில் வினாடிக்கு சுமார் 27 தடவை. ஒரு பக்கம் கிராங்க், மறுபக்கம் கனத்த ப்ரொப்பெல்லர், நடுவில் ரப்பர் என்ற சுருள்வில். அந்த வில்லின் இயல்பான ஆட்டமும் வெடிப்பின் தாளமும் ஒத்துப்போனால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போல ஆட்டம் கூடிக்கொண்டே போகும். வெடித்துவிட்டதே என்று இன்னும் கெட்டியான ரப்பர் போடத்தான் என் கை போனது. போட்டிருந்தால் அந்த நடுக்கம் மேலே ஏறி, பறக்கும்போது ஓட்டும் சுற்றுக்கே வந்திருக்கும். செய்ய வேண்டியது நேர்மாறு: மென்மையான ரப்பர். நடுக்கம் 900 சுற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஐட்லிங்கை, அதாவது முடுக்காமல் சும்மா ஓடும் வேகத்தை, 1,800-ல் வைத்தேன். ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் சூடு. பைக்கில் 85 குதிரைத்திறனையும் தொடர்ந்து கேட்பவர் யார்? தீவு விரைவுச்சாலையில் கால்வாசி கூடத் தேவைப்படாது. பறக்கும்போது மேலெழ முழுசும் வேண்டும், பிறகு மணிக்கணக்கில் முக்கால்வாசி. நம் ஊர் புழுக்கத்தில் பத்தே நிமிடத்தில் ஆயில் 130 டிகிரியைத் தொட்டது. இன்னொரு ஆயில் கூலரைச் சேர்த்து, சிலிண்டர்களைச் சுற்றித் தகரத்தில் காற்றுவழி செய்த பிறகு, 45 நிமிடம் ஓட்டியும் 115-ஐத் தாண்டவில்லை. கிரேன் தராசை மாட்டி இழுவிசையைப் பார்த்தோம்: 165 கிலோ.

ஒரு குறை மிச்சம். சிலிண்டருக்கு இரண்டு ப்ளக் இருந்தாலும் இரண்டுக்கும் பொறி கொடுப்பது ஒரே இசியு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. ரோட்டாக்ஸ் 912-இல் ஒன்றை ஒன்று நம்பாத இரண்டு தனி இக்னிஷன். எரிபொருள் பம்பை இரண்டாக்கினேன், பேட்டரியை இரண்டாக்கினேன்; இசியுவை இரண்டாக்க என்னால் முடியவில்லை. மைத்துனனிடம் மறைக்காமல் சொன்னேன். “கீழே எப்பவும் இறங்க வயல் இருக்கிற மாதிரிதான் அத்தான் பறப்பேன்” என்றான். அவன் அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை.

அனுப்புவது தனிக் கூத்து. பெட்ரோலும் ஆயிலும் சொட்டு இல்லாமல் வடிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பழைய இயந்திரத்தில் மண்ணோ விதையோ பூச்சியோ ஒட்டியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள். இருபது வருட பைக் இன்ஜின். குளிர்த் தகடுகளுக்கு நடுவே எத்தனை ஈசல் இறக்கை! இரண்டு மாலை, பல் துலக்கும் பிரஷோடு உட்கார்ந்தேன்.

இப்போது அவன் இறக்கையைச் சுற்றவிட்டுத் தரையிலேயே ஓட்டிப் பழகுகிறான். 25 மணி நேரம் ஆனதும் கப்ளிங்கைத் திறந்து படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நேற்று மீட்டரில் 9. மூடியில் கறுப்பு மாவு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். “இன்னும் திறக்கல அத்தான்” என்றான்.