குசினிக்குக் கிரனைட், சாமியறைக்கு மாபிள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் பழைய வீட்டைத் திருத்தத் தொடங்கியபோது, கூரை வேலையை விடவும் அதிக நாள் இழுத்தது குசினி மேடைக்கு என்ன கல் போடுவது என்ற கேள்விதான். அம்மாவுக்கு வெள்ளை மாபிள் வேண்டும். அது அவருடைய பல வருட ஆசை. கடையில் அந்தச் சாம்பல் வரிகளைப் பார்த்ததும் எனக்கும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. பராமரிப்பே தேவையில்லை என்று விற்றவர் சொன்னதையும் நம்பிவிட்டேன்.

மேசன் அண்ணைதான் தடுத்தார். "அவசரப்படாதேங்கோ தம்பி. ரெண்டிலயும் வெட்டின துண்டு ஒவ்வொண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

வாங்கி வந்தேன். இரண்டின் மேலும் பாதித் தேசிக்காயைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் கரைத்த பழப்புளி கொஞ்சம், மஞ்சள் குழைத்த எண்ணெய் ஒரு சொட்டு. இரவு முழுக்க அப்படியே விட்டோம். காலையில் துடைத்துப் பார்த்தால் கறுப்புக் கிரனைட் முதல்நாள் இருந்தபடியே இருந்தது. மாபிளிலோ தேசிக்காய் இருந்த இடம் வட்டமாக மினுக்கம் போய், தடவினால் சொரசொரத்தது. மஞ்சளும் உள்ளே இறங்கிவிட்டது. அம்மா அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பேசவில்லை.

மாபிள் என்பது சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அடிப்படையில் கல்சியம் காபனேற்று. எங்கள் குடாநாட்டின் அடியில் கிடக்கும் கல்லும் அதே பொருள்தான். அது கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வந்துதான் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறது. அந்தப் படிவைத் தேசிக்காய்ப்புளி விட்டுக் கழற்றுகிறோம் அல்லவா? அதே புளி மாபிளையும் தின்னும். கிரனைட்டில் இருப்பது பெரும்பாலும் குவாட்ஸ், பெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள். அவற்றைச் சமையல் புளி ஒன்றும் செய்யாது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவில் மாபிள் 3 அளவில் நிற்க, கிரனைட் 6, 7 வரை போகும். கத்தி மாபிளைக் கீறும்; கிரனைட்டில் கத்திதான் மழுங்கும். குழம்புக்கும் சொதிக்கும் கூழுக்கும் புளி விடுகிற குசினியில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

கிரனைட் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தோம். தண்ணீர்ச் சொட்டு வைத்துக் கால் மணித்தியாலம் காத்திருந்தோம். கல் நிறம் கறுத்தால் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம், தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் பூச வேண்டும். அப்புறம், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தோம். சில கறுப்புக் கற்களுக்குச் சாயம் ஏற்றியிருப்பார்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் அந்தக் கல்லை விட்டுவிடுவது நல்லது. கிணற்றடிப் பக்கப் படிக்கு மட்டும் மினுக்காத, சொரசொரப்பான கிரனைட். மினுக்கினது ஈரத்தில் வழுக்கும், அம்மாவுக்கு 70 வயது.

அவருடைய ஆசையையும் விட மனமில்லை. சாமியறை நிலத்துக்கு வெள்ளை மாபிள் போட்டோம். சாதாரண சீமெந்தின் சாம்பல் நிறம் வெள்ளைக் கல்லுக்குள்ளால் தெரியக்கூடும் என்று மேசன் அண்ணை வெள்ளைச் சீமெந்தில் பதித்தார். அங்கே தேசிக்காய் இல்லை என்று நிம்மதியாக இருந்த நான் விளக்குக்கு விடுகிற எண்ணெயை மறந்துபோனேன். இரண்டாம் மாதமே குத்துவிளக்கின் அடியில் மஞ்சள் வட்டம் விழுந்தது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் களியாகக் குழைத்து அப்பி, பொலித்தீனால் மூடி, ஒரு நாள் விட்டு எடுத்தோம். மூன்று தரம் செய்த பிறகு எண்ணெய் பெரும்பகுதி மேலே வந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் மெல்லிய நிழல் இன்னும் இருக்கிறது. இப்போது விளக்கு பித்தளைத் தட்டில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவே கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரால் அந்த நிலத்தைத் துடைக்கிறார். அந்த வேலையை வேறு யாரிடமும் விடுவதில்லை.