இரண்டு எழுத்தைத் தேடி நாகாதாச்சோவுக்கு

ஜப்பானில் ராணுவம் எப்படி அரசாங்கத்தின் குடுமியைப் பிடித்தது என்பதுதான் என் முதுகலை ஆய்வேடு. 1931 மஞ்சூரியா படையெடுப்பு, 1932 பிரதமர் இனுகாய் கொலை, இளம் ராணுவ அதிகாரிகளின் 1936 பிப்ரவரி 26 கலகம் என்று வரிசையாக எழுதி நீட்டினேன். வழிகாட்டி கேட்டார்: "கலகம் நாலே நாளில் அடங்கிப்போச்சே. அப்புறம் ராணுவம் எப்படி ஜெயிச்சது?" முழித்தேன்.

இணைய ஆவணக் காப்பகத்தில் முதல் வாரம் வீண். அந்தக் காலத்து அரசுத் தாள்களில் 1936 என்று இருக்காது, பேரரசரின் ஆட்சிக்காலக் கணக்கில் ஷோவா 11 என்றிருக்கும். (ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.) எழுத்துகளும் போருக்கு முந்தைய பழைய வடிவம்.

மிச்சத்துக்கு டோக்கியோவின் அரசியல் மையமான நாகாதாச்சோவிலுள்ள நாடாளுமன்ற நூலகம் போனேன். அடையாள அட்டை காட்டிப் பதிவு, பை லாக்கருக்குள், செல்போனில் படமெடுக்கக் கூடாது, நகலுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது: 1936 கலகத்தில் ஏறத்தாழ 1,400 படையினர் பனியில் வந்து வளைத்தது இந்த நாகாதாச்சோவைத்தான். ஆள் தெரியாமல் பிரதமர் ஒகாடாவின் தங்கை கணவரைச் சுட்டார்கள், ஒகாடா தப்பினார். ராணுவச் செலவுக்குக் கடிவாளம் போட்ட நிதியமைச்சர் தகஹாஷி தப்பவில்லை. 81 வயது. அவர் கொல்லப்பட்ட வீட்டைப் பெயர்த்தெடுத்து கொகானேயியில் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்குத் தேவையில்லைதான், போய்ப் பார்த்தேன். அந்த மாடியறையில் சும்மா நிற்கக்கூட முடியவில்லை.

விடை 1936 மே மாதத்து அரசாணையில் இருந்தது. ராணுவ, கடற்படை அமைச்சர்கள் பணியிலிருக்கும் தளபதிகளாகவே இருக்க வேண்டும். 1913இல் நீக்கிய 'கென்எகி' (பணியிலிருக்கும்) என்ற, ஜப்பானிய மொழியில் இரண்டே எழுத்துள்ள சொல்லை, கலகத்துக்குப் பின் வந்த ஹிரோட்டா மந்திரிசபை திரும்பச் சேர்த்துவிட்டது. கலகக்காரர்களுக்கு வேண்டிய, ஓய்வுபெற்ற தளபதிகள் அமைச்சராக வந்துவிடக் கூடாதாம். சொன்ன காரணம் அது. நடந்தது வேறு. 'ஆள் தரமாட்டோம்' என்று ராணுவம் கைவிரித்தால் மந்திரிசபையே இல்லை. 1937 ஜனவரியில் மந்திரிசபை அமைக்கச் சொல்லிப் பேரரசரே அழைத்தும் தளபதி உகாகியால் பிரதமராகப் பதவியேற்க முடியவில்லை, இத்தனைக்கும் அவரே முன்னாள் ராணுவ அமைச்சர். 1940இல் பிரதமர் யோனாயின் மந்திரிசபை கவிழ்ந்ததும் இதே வழியில்தான்.

நகலை வழிகாட்டியிடம் காட்டினேன். "அப்ப கலக அத்தியாயத்தை ரெண்டு பக்கமாக்கிடு" என்றார். நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன்.