செவ்வாய்க்கிழமை டாக்டர்

என் சித்தப்பாவுக்கு இருப்பது மனச்சிதைவு நோய் என்று ஒரு மருத்துவர் முதன்முதலாகப் பெயர் சொன்னது 2009-இல். அவர் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியதோ அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே. இடைப்பட்ட காலத்தில் நாங்கள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினோம், மந்திரித்துத் தாயத்துக் கட்டினோம், ஏர்வாடி தர்காவில் நாற்பது நாள் தங்கினோம். அந்த ஊரில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள் என்பது தெரிந்தேதான் போனோம்.

இதைக் கேட்கும் படித்த நண்பர்கள் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தர்காவில் எந்த நேரத்தில் போய் நின்றாலும் யாரும் சீட்டுக் கேட்கவில்லை, நாளைக்கு வா என்று திருப்பியனுப்பவும் இல்லை. எங்களுக்கு எட்டிய அரசு மருத்துவமனையிலோ, ஊரில் 'நரம்பு டாக்டர்' என்று அழைக்கப்படும் மனநல மருத்துவர் செவ்வாய்க்கிழமை மட்டுமே வருவார். இரண்டு பேருந்து மாறி அங்கே போய்வரச் சித்தியின் ஒரு நாள் கூலி போய்விடும்.

மனநல மருத்துவ நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 முதல் 92 விழுக்காடு. இத்தனைக்கும் மாவட்ட மனநலத் திட்டம் 1996-லேயே தொடங்கிவிட்டது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. 2022 அக்டோபரில் 14416 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையும் வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால், தொலைபேசியே தன்னை வேவு பார்க்கிறது என்று நம்பும் ஒருவரிடம் அதை எப்படி நீட்டுவது?

மாத்திரை கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் சித்தப்பா மறுபடியும் வயலில் இறங்கினார். ஒருமுறை செவ்வாய்க்கிழமை பொங்கல் விடுமுறையில் போய்விட, மீதமிருந்த ஏழு மாத்திரைகளையும் சித்தி பாக்குவெட்டியால் பாதி பாதியாக நறுக்கி, பதினான்கு நாளுக்கு வருமாறு தாளில் மடித்து வைத்தார்.