ஆம்புலன்ஸ் ஷிப்டுக்குள் ஃப்ளூ தடுப்பூசி: நடத்திப் பார்த்ததில் தெரிந்தவை

மருத்துவமனையில் ஃப்ளூ தடுப்பூசி முகாம் என்றால் வார்டு நர்ஸ்கள் எப்படியும் வந்து போட்டுக்கொள்வார்கள். விட்டுப்போவது ஆம்புலன்ஸ்காரர்கள்தான். முகாம் நடக்கும் நேரத்தில் அவர்கள் ரோட்டில் இருப்பார்கள். நைட் டூட்டி முடித்தவர்கள் தூங்கப் போயிருப்பார்கள். ஆனால் மூடிய வண்டிக்குள், இருமுகிற நோயாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வருபவர்கள் இவர்கள். ஃப்ளூ தொற்றியவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடலாம். எனவே, காய்ச்சல் வந்தால் லீவு எடுத்துக்கொள்கிறேன் என்பது அடுத்து ஏற்றப்போகும் முதியவரையோ கர்ப்பிணியையோ காப்பாற்றாது. அதனால்தான் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஊசியை ஸ்டேஷனுக்கே கொண்டுபோய்ப் போடத் தொடங்கினோம்.

முதல் வேலை பெயர்ப் பட்டியல். சம்பளப் பதிவேட்டை மட்டும் நம்பினால் ஒப்பந்த ஓட்டுநர்கள், வண்டி கழுவுபவர்கள், பயிற்சிக்கு வரும் மாணவர்கள் எல்லாரும் விடுபட்டுப்போவார்கள். கன்ட்ரோல் ரூமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் உட்கார்ந்து போன் எடுப்பவர்களில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் படுத்துவிட்டால் வண்டி அனுப்ப ஆள் இருக்காது. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், சீசன் சூடு பிடிப்பதற்கு முன்பே தேதி குறித்துவிட வேண்டும்.

மருந்து கெடுவது பெரும்பாலும் பயணப் பெட்டியில்தான். இருக்க வேண்டிய வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். சூடாகிவிடுமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். நம்மைக் கவிழ்ப்பது உறைதல். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே அடுக்கினால், அதை ஒட்டியிருக்கும் சிரிஞ்சுகள் உறைந்துவிடும். பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சளசளவென்று கேட்கும்வரை காத்திருங்கள். அதன் பிறகும் மருந்து நேராகப் பேக்கைத் தொடாதபடி அட்டைப் பெட்டியோடே வையுங்கள். வெளிச்சம் படாமல் இருக்கவும் அந்த அட்டை வேண்டும். அலுமினியம் சேர்ந்த தடுப்பூசிகள் உறைந்ததா என்பதைக் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வழக்கமான ஃப்ளூ ஊசியில் அலுமினியம் இல்லை, அதனால் அந்தச் சோதனை இங்கே செல்லாது. உறைந்து உருகினாலும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். ஆகவே பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். உறைந்தது என்று தெரிந்தால் அந்த மருந்தைப் போடவே கூடாது.

போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில: முன்பு ஃப்ளூ ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததா, போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே (நரம்புகள் தாக்கப்பட்டுக் கைகால் தளரும் நோய்) பாதிப்பு வந்ததா, இப்போது நல்ல காய்ச்சல் இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா. லேசான சளிக்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் மறுபடி வரமாட்டார். கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். மூக்கில் தெளிக்கும் மருந்து உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் என்பதால் அவர்களுக்கு ஆகாது.

முன்பு ஊசியில் நாலு வகை வைரஸுக்குப் பாதுகாப்பு இருந்ததே, இப்போது மூன்றுதானா என்று சிலர் சந்தேகமாகக் கேட்பார்கள். பி யமகட்டா என்ற ஃப்ளூ வைரஸ் வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதனால் ஊசியில் அது இனித் தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. மூன்று வகை என்பதால் இது தரம் குறைந்த ஊசி ஆகிவிடாது.

அளவு 0.5 மில்லி, மேற்கையின் டெல்டாயிட் தசையில். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, 90 டிகிரியில் குத்த வேண்டும். யூனிபார்ம் சட்டையைக் கழுத்து வழியாக இழுத்துவிட்டுக் குத்தும் பழக்கம் வேண்டாம். அப்படிச் செய்யும்போது ஊசி மேலே ஏறிப்போய் மூட்டுப் பையில் இறங்கலாம். தோள் வலி மாதக்கணக்கில் நிற்கும். ஸ்ட்ரெச்சர் தூக்குபவருக்கு அது பிழைப்பையே பாதிக்கும். சட்டையின் கையைக் கழற்றச் சொல்லுங்கள், நீங்களும் உட்கார்ந்து போடுங்கள். பெரும்பாலோருக்கு 25 மில்லிமீட்டர் ஊசி போதும், பருமனானவருக்கு 38 வேண்டியிருக்கும். உறைதடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு மெல்லிய ஊசி, பிறகு தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதிகம் புழங்காத கையில் போடுவது நல்லது.

எங்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்தது, ஊசிக்குப் பிறகு உட்கார்ந்திருக்க வேண்டிய 15 நிமிடம். மயக்கம் வருவதானால் பெரும்பாலும் அதற்குள் வரும். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் இருக்கும்போது அது வரக் கூடாது. ஆகவே ஊசி போட்ட குழுவின் வண்டியை அந்த நேரம் முழுக்க ‘அழைப்புக்கு இல்லை’ என்று குறிக்கும்படி கன்ட்ரோல் ரூமோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரு வண்டியின் இருவருக்கும் சேர்த்தே போட்டால் ஒரே காத்திருப்பில் முடியும். ஷிப்ட் முடியும்போது போடுவது இன்னும் சுலபம். கைவலி ஓய்வு நேரத்தில் கழிந்துவிடும். கடுமையான ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலினை, ஊசி போடும் மேசையிலேயே வையுங்கள். பெரியவர்களுக்கு ஆயிரத்துக்கு ஒன்று கரைசலில் 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். வண்டியில்தான் இருக்கிறதே என்று விட்டால், அந்த வண்டி அழைப்புக்குக் கிளம்பிப் போய்விடும்.

ஊசியால் ஃப்ளூ வந்துவிட்டது என்ற பேச்சு கண்டிப்பாக எழும். செயலிழந்த வைரஸ் நோயை உண்டாக்காது. கைவலி, உடம்புவலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். அதற்கு மேல் நீடித்தாலோ இருமல் வந்தாலோ வேறு தொற்று என்று எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஊசியின் மேல் பழி போட்டுவிட்டு அவரை டூட்டிக்கு விடாதீர்கள்.

பதிவேட்டில் தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி, எந்தக் கை, போட்டவர் யார் என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். விடுபட்டவர்களை அடுத்த ஷிப்ட் மாற்றத்தில் தேடிப் போங்கள். வைரஸ் சுற்றிக்கொண்டிருக்கும்வரை, சீசன் நடுவில் வேலைக்குச் சேருபவருக்கும் போடலாம். சீசன் முடிந்ததும் மிச்சமிருக்கும் பெட்டிகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த வருட மருந்தும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். இரண்டும் ஒரே தட்டில் கலந்தால் பழையதைப் போட்டுவிடுவோம்.