‘பிடிக்காது’க்கு ஆங்கிலத்தில் எத்தனை படி?

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஎல்டிஎஸ் இரண்டுக்கும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஹேட், டிடெஸ்ட், லோத், அப்ஹார், டிஸ்பைஸ் என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் நேரே ‘வெறுத்தல்’ என்று போட்டு வைத்திருக்கும் நோட்டு பாதித் தேர்வுக்குத்தான் ஆகும். பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, ஒரு தப்புக்கு 0.50 மதிப்பெண் போகும். அப்ஹாருக்கு இணைச்சொல் கேட்டால் டிடெஸ்ட்டைத் தட்டிவிட்டு நகரலாம். ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னாலோ, ஐஎல்டிஎஸ்ஸில் எதிரே உட்கார்ந்து ஒருவர் கேட்டாலோ அந்த நோட்டு கைகொடுக்காது.

காரைக்குடியில் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நானும் அத்தை மகனும் படிப்போம். ஒவ்வொரு சொல்லுக்கும் நம் ஊர்ப் பேச்சில் என்ன வரும் என்று பார்ப்போம். “நாட் கீன் ஆன்” என்றால் ‘அவ்வளவா இஷ்டமில்லை’. டிஸ்லைக் ‘பிடிக்காது’. ஹேட் ‘சுத்தமாப் பிடிக்காது’. கல்யாண வீட்டில் காதுக்குள் அலறுகிற ஸ்பீக்கருக்கு “கான்ட் ஸ்டாண்ட்”, அதாவது ‘தாங்க முடியலப்பா’. லோத்துக்கு ‘நினைச்சாலே குமட்டுது’. அதில் அருவருப்பு சேர்ந்திருக்கிறது. டிஸ்பைஸ் வேறு வகை. “மாப்ள, அவனெல்லாம் ஒரு மனுசனாடா” என்று அத்தை மகன் சொன்ன அன்றே அது எனக்கு மனதில் நின்றுவிட்டது. அதன் லத்தீன் வேருக்கே மேலிருந்து கீழே பார்ப்பது என்றுதான் பொருள். பாகற்காய் பிடிக்காததற்கு அந்தச் சொல் வேண்டாம். ஏமாற்றுகிறவனுக்கு, கோழைத்தனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ஹாரைப் பேச்சில் போடாதீர்கள் என்பது என் கருத்து. நடுங்கி ஒதுங்குவது என்ற வேரிலிருந்து வந்தது. வன்முறை, சாதிக் கொடுமை, குழந்தைத் தொழில் என்று மனசாட்சி சம்பந்தப்பட்டவற்றுக்குக் கட்டுரையில் அழகாகப் பொருந்தும். “ஐ அப்ஹார் உப்புமா” என்றால் கேட்பவர் சிரிப்பார். சிரிக்க வைக்கத்தான் சொல்கிறீர்கள் என்றால் சரி.

அப்புறம் இலக்கணம். மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். ஹேட்டுக்குப் பின்னால் ‘டு வெயிட்’ வரலாம், ‘வெயிட்டிங்’கும் வரலாம். டிஸ்லைக், டிடெஸ்ட், லோத் மூன்றுக்கும் ‘இங்’ வடிவம்தான். “ஐ டிடெஸ்ட் டு வெயிட்” தப்பு, “ஐ டிடெஸ்ட் வெயிட்டிங்” சரி. அழுத்தம் கொடுக்கிற சொல்லுக்கும் ஜோடி உண்டு: ஸ்ட்ராங்லி டிஸ்லைக், ரியலி ஹேட், அப்சல்யூட்லி லோத். பெயர்ச்சொல்லாக வந்தால், வெறுப்பைச் சொல்லும் அவர்ஷனுக்குப் பின் ‘டு’, இளக்காரத்தைச் சொல்லும் கன்டெம்ப்டுக்குப் பின் ‘ஃபார்’. பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் இந்த இடைச்சொற்களை மாற்றி வைத்துக் குழப்புவார்கள்.

ஐஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டையைக் கொடுத்து யோசிக்க 1 நிமிடம் தருவார்கள், பிறகு 2 நிமிடம் வரை நாம் பேச வேண்டும். சொல்வளத்துக்கு 25 சதவீதம். ‘உங்களுக்கு எரிச்சலூட்டும் ஒன்று’ என்கிற மாதிரித் தலைப்புக்கு நிஜமாகவே உங்களை உறுத்துவதை எடுங்கள், சொற்கள் தானாக வந்து உட்காரும். நான் பேசிப் பழகியது எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றி. இங்கே ஒரு வீடு இடிபட்டால் பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, பித்தளைச் சாமான் எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடும். ஒரு நிலையின் மேல் கஜலட்சுமி செதுக்கியிருக்கும், அதன் காலடியில் விலை எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து “ஐ டிடெஸ்ட் சீயிங் தீஸ் ஹவுசஸ் புல்ட் டவுன்” என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் மேல் கோபமில்லை, அவர் பிழைப்பு. ஆகவே அவருக்கு டிஸ்பைஸ் வராது. வீட்டைப் பராமரிக்கப் பணமில்லாத பங்காளிகள் மேலும் கோபமில்லை. “ஐ அண்டர்ஸ்டாண்ட் வை தே செல், பட் ஐ கான்ட் பேர் டு வாட்ச்” என்று வந்தது. ‘தாங்க முடியாது’ என்கிற இந்தக் கான்ட் பேருக்குப் பின்னால், ஹேட்டைப் போலவே, ‘டு’வும் செல்லும், ‘இங்’கும் செல்லும். வீட்டுக்குள்ளே இப்படிப் பேசிக்கொண்டே நடப்பேன். அப்பத்தா வளவு என்கிற உள்முற்றத்திலிருந்து, “யாரோடடா சண்டை?” என்பார்.

எல்லா இடத்திலும் உச்சிப்படிச் சொல்லை எடுக்க வேண்டியதில்லை. வேலை நேர்காணலில் முந்தைய மேலதிகாரியைப் பற்றிக் கேட்டால் லோத்தும் டிஸ்பைஸும் பையிலேயே இருக்கட்டும். “ஐ வாஸ்ன்ட் கம்ஃபர்டபிள் வித்” போதும்.

கடைசியாக ஒரு எழுத்துச் சிக்கல். ஈ என்ற எழுத்தோடு முடியும் லோத் வெறுப்பு. அதன் கடைசி ஒலி ‘அது’வில் வரும் த மாதிரி அதிர்வோடு இருக்கும். ஈ இல்லாமல் எழுதினால் தயக்கம் என்று பொருள், ஒலி ‘தேங்க்ஸ்’ தொடங்குவது போல வெறும் காற்றாக முடியும். “ஹீ வாஸ் லோத் டு லீவ்” என்றால் கிளம்ப மனமில்லாதவர், கிளம்புவதை வெறுத்தவர் அல்ல.